முதற் பிழையைச் சுமப்பவர் யார்?

கைத்திறன் எதுவும் பிழையின்றிக் கற்கப்படுவதில்லை. குயவனின் கை தவறினால் மண் கெடும். தச்சனின் கை தவறினால் மரம் கெடும். வைத்தியம் பயில்வோனின் கை தவறினால் கெடுவது யாது?

மயங்கிக் கிடப்பவரின் நாக்குத் தளர்ந்து தொண்டையை அடைக்கின்றது. மூச்சுத் தடைப்பட்ட சில நிமிடங்களிலேயே மூளை சிதையத் தொடங்கும். தலையைப் பின்சாய்த்துத் தாடையை உயர்த்துதல், முகமூடியும் பையும் கொண்டு காற்றூட்டுதல், மூச்சுக்குழாயினுள் குழாய் செலுத்துதல் ஆகியன அவ்வேளையில் வேண்டப்படும் திறன்களாம். பழகாத கை பல்லை உடைக்கலாம். குழாயை உணவுக்குழாயினுள் செலுத்திவிடலாம். இப்பிழை உடன் உணரப்படாவிடின் விளைவது மரணமே.

இத்திறன்களை மாணவர் முன்னாளில் எங்குப் பயின்றனர்? மயக்கமருந்து ஏற்ற நோயாளரிடத்தும், சிலவேளை அப்பொழுதுதான் உயிர்நீத்தோர் உடலிலும். அனுமதி கேட்கப்படாத சந்தர்ப்பங்கள் பல. பணம் படைத்தோர் அனுபவமுள்ள கையைத் தேர்ந்துகொண்டனர். பொது வாட்டில் கிடந்த ஏழையோ, வந்த கையை ஏற்றான்.

1960ஆம் ஆண்டில் நோர்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லார்டால், செயற்கைச் சுவாசம் பயில்வதற்கென ஒரு மாதிரியுருவை ஆக்கினார். அதற்கு அவர் அளித்த முகம், பாரிஸ் நகரின் செயின் நதியில் மூழ்கி இறந்தவளென வழங்கப்படும் பெயரறியாப் பெண்ணொருத்தியின் அச்சுமுகம். அவளது சம்மதத்தையும் எவரும் கேட்டதில்லை.

இவ்வினா ஊவாவுக்குத் தொலைவானதன்று. பசறை, நமுனுகுலை, லுணுகலைத் தோட்டங்களிலிருந்து பதுளை வைத்தியசாலைக்கு வரும் வழி, வளைந்து நெளியும் மலைவழி. 2021 மார்ச் 20ஆந் திகதி லுணுகலையிலிருந்து புறப்பட்ட பஸ்வண்டி பசறைக்கருகே பள்ளத்தில் வீழ்ந்ததை நாம் மறந்திலோம். இத்தகைய இடங்களில் முதலில் நீளும் கை நிபுணருடையதன்று. உடன் தொழில் செய்வோருடையது, வண்டிச் சாரதியுடையது. பிள்ளைக்காம்பராவில் குழந்தைக்குப் புரையேறினால் அருகிலிருப்பவள் ஆயாவே. மாதிரியுருவை வைத்திய பீடத்தின் அறைக்குள் மாத்திரம் வைத்திருத்தல், ஆகவே, பாதி நீதியே. தோட்டத்திற்கும் அது செல்லல் வேண்டும்.

றப்பர் உருவம் வாந்தியெடாது, அஞ்சாது, அதனருகே ஒரு தாய் நின்று அழுவதுமில்லை. ஆதலின் அதில் தேர்ந்தவன் வைத்தியனாகிவிட்டான் என்பது பொருந்துமா எனச் சிலர் வினவுவர். பொருந்தாது. உருவம் கையைப் பழக்குமேயன்றி மனத்தைப் பழக்காது. எனினும் கரடுமுரடான முதற் பிழைகளை அது தன்மேல் ஏற்றுக்கொள்கின்றது. அதன்பின் மனிதரை அணுகுகையில் ஆசிரியர் அருகிருத்தலும், இயலுமிடத்து நோயாளரின் சம்மதம் பெறுதலும் கடமைகளாக எஞ்சி நிற்கின்றன.

மறுக்க இயலாதவர்மீது முதற் பிழையைச் சுமத்துவது, வேறு வழியில்லாத காலத்தில் துயரமாக இருந்தது. வழியுள்ள காலத்தில் அது அநீதியாகும். தோட்ட மக்கள் கேட்கப்படாமலே சுமந்தவை பல. அவற்றோடு நம் கல்வியின் பாரத்தையும் சேர்க்காதிருப்போமாக.