ஈடு வேறு, பாவம் வேறு

சென்ற ஆண்டு ஒரு நிக்காஹ் வைபவத்திற்குச் சென்றிருந்தேன். துஆ ஓதி, விருந்தும் முடிந்து, மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. மண்டபத்தை ஒட்டிய வண்டி நிறுத்துமிடத்தில் திடீரென ஓர் ஓசை கேட்டது. எதிரெதிர் வரிசைகளிலிருந்து பின்னோக்கி வெளியே வந்த இரண்டு கார்கள் முட்டிக்கொண்டன. யாருக்கும் காயமில்லை. ஒன்றின் பின்விளக்கு உடைந்தது. மற்றதன் பம்பர் நசுங்கியது. அவ்வளவுதான்.

ஆனால் விளக்கு உடைந்த கார் மணமகனின் சாச்சாவுடையது. பம்பர் நசுங்கியது மணமகளின் தாய்மாமனுடையது. மணமாலை வாடுமுன்பே இரு வீட்டாரும் இரு அணிகளாக நின்றுவிட்டனர். "நான் ஹாரன் அடித்து வண்டியை நிறுத்திவிட்டேன், இவர்தான் வந்து இடித்தார்" என்றார் சாச்சா. "இரண்டு வண்டியும் நகர்ந்துகொண்டுதான் இருந்தன" என்றார் மாமா. கண்ணால் கண்ட சாட்சி எவருமில்லை. "ஹஜ்ரத், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்" என்று என்னை அழைத்தனர். அப்போது மாமாவின் மருமகன் ஒருவன் அவருடைய காதருகே குனிந்து, "மாமா, தப்பு நம்முடையது என்று வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். இன்ஷூரன்ஸில் சிக்கலாகிவிடும்" என்று கூறியது என் செவியிலும் விழுந்தது.

"யார் மீது தவறு?" என்று இத்தகைய இடங்களில் கேட்கிறோம். அந்த ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. சேதத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் யார் என்பது ஒன்று. இறைவனிடம் குற்றவாளி யார் என்பது மற்றொன்று. முன்னதை நம் ஃபிக்ஹு நூல்கள் 'ளமான்' என்று தனியே வைத்துப் பேசுகின்றன. பின்னது பாவம் பற்றியது. ஈடும் பாவமும் சில வேளைகளில் சேர்ந்து வரும். ஆனால் ஒன்று இருந்தால் மற்றதும் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

பருவமடையாத சிறுவன் பிறர் பொருளை உடைத்துவிட்டால் அவன் மீது பாவம் எழுதப்படுவதில்லை. ஆயினும் அவனுக்குச் சொத்திருந்தால் அதிலிருந்து ஈடு கொடுக்கப்பட வேண்டும் என்கின்றனர் சட்ட வல்லுநர்கள். உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிடப்பட்ட 'மஜல்லா' என்னும் ஹனஃபி சட்டத் தொகுப்பும் இதையே விதியாக்கியது. தம் செயலால் நேரடியாகச் சேதம் விளைவித்தவர், அதை வேண்டுமென்று செய்யாவிடினும், ஈடுசெய்யக் கடமைப்பட்டவரே ஆவார். "நான் வேண்டுமென்றா செய்தேன்?" என்ற சொல் பாவத்தை நீக்கலாம். உடைந்த விளக்கை அது ஒட்டவைக்காது.

இதற்குப் பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புகாரி நூலில் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் செய்தி அது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியருள் ஒருவரின் இல்லத்தில் இருந்தபோது, வேறொரு துணைவியார் தட்டில் உணவு அனுப்பினார். இல்லத்து அன்னையார் பணியாளரின் கையைத் தட்டிவிட, தட்டு விழுந்து உடைந்தது. பெருமானார் சினக்கவில்லை. உடைந்த துண்டுகளையும் சிதறிய உணவையும் தாமே பொறுக்கி எடுத்தார்கள். உங்கள் அன்னைக்கு ரோஷம் வந்துவிட்டது என்ற கருத்தில் அங்கிருந்தோரிடம் ஒரு சொல் கூறினார்கள். பிறகு அந்த வீட்டிலிருந்த முழுத் தட்டு ஒன்றை எடுத்து, உடைந்த தட்டுக்கு உரியவருக்குக் கொடுத்தனுப்பினார்கள். உடைந்தது உடைத்தவர் வீட்டிலேயே தங்கியது. உடைத்தவரை அவர்கள் தலைகுனிய வைக்கவில்லை. அதற்காக ஈட்டைத் தள்ளுபடி செய்யவுமில்லை.

இனி, மண்டபத்து வழக்குக்கு வருவோம். வாகனங்கள் மோதுவது புதிய பிரச்சினையன்று. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலிலேயே இதற்கு இடமுண்டு. ஏறிச் செல்லும் இருவர் எண்ணமின்றி மோதி அவர்களுடைய பிராணிகள் மாண்டால், ஒவ்வொருவரும் மற்றவரின் இழப்பில் பாதிக்குப் பொறுப்பாவர். இரு கப்பல்கள் மோதினாலும் அதே கணக்குத்தான். ஒவ்வோர் இழப்பும் இரு செயல்களால் விளைந்தது: ஒன்று மற்றவர் செயல், மற்றொன்று தன் செயல். தன் செயலால் வந்த பாதியைத் தானே தாங்கிக்கொள்ள வேண்டும். கடலோடி வாழ்ந்த நம் ஷாஃபிஈ முன்னோர் ஓதிய பாடம் இது. ஆனால் ஒரு வண்டி தனக்குரிய இடத்தில் முறையாக நின்றுகொண்டிருக்க, மற்றது மட்டும் வந்து இடித்தால், ஈடு முழுவதும் வந்து இடித்தவருடையதே.

ஆகவே, அன்று முடிவு ஒரே ஒரு செய்தியைப் பொறுத்திருந்தது: சாச்சாவின் வண்டி நின்றதா, நகர்ந்ததா? சாட்சி இல்லாததால் இருவரையும் சமாதானத்துக்கு அழைத்து, பாதிக்குப் பாதி என்றேன். பம்பருக்கு 6,000 ரூபாய், விளக்குக்கு 4,000 ரூபாய் என்று கணக்காயிற்று. சாச்சா 3,000 கொடுக்க வேண்டும்; மாமா 2,000 கொடுக்க வேண்டும். கழித்ததுபோக, சாச்சா 1,000 ரூபாயை மாமாவின் கையில் கொடுத்தார். ஸலாம் சொல்லிப் பிரிந்தோம்.

மூன்றாம் நாள் மஃக்ரிபுக்குப் பின் மாமா என் வீட்டிற்கு வந்தார். நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்துவிட்டுச் சொன்னார்: "ஹஜ்ரத், அவர் வண்டி நின்றுதான் இருந்தது. ஹாரன் சத்தமும் எனக்குக் கேட்டது. சம்பந்தி வீட்டார் முன்னிலையில் தவறு நம் பக்கம் என்று சொல்ல நா எழவில்லை."

வழக்காடுவோரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை விடுத்த எச்சரிக்கை அப்போது நினைவுக்கு வந்தது. தாமும் மனிதரே என்றும், கேட்டதை வைத்தே தீர்ப்பளிப்பதாகவும், சொல்வன்மையால் ஒருவர் பிறர் உரிமையைப் பெற்றுச் சென்றால் அவர் பெற்றது நெருப்புத் துண்டே என்றும் அவர்கள் கூறினார்கள். நபியின் தீர்ப்பே பொய்யை மெய்யாக்காது எனில், என்னைப் போன்றவன் செய்துவைத்த சமாதானம் எம்மாத்திரம்!

எண்ணிப் பாருங்கள். வண்டி மோதிய கணத்தில் மாமாவின் மீது பாவம் ஏதுமில்லை. 4,000 ரூபாய் ஈடு மட்டுமே இருந்தது. ஈடு கொடுப்பதே அவமானம் என்று அவர் எண்ணியதால் பொய் பிறந்தது. பொய்யால்தான் பாவம் வந்தது. இல்லாத குற்றத்தை மறைக்கப்போய் இருக்கும் குற்றத்தைத் தேடிக்கொண்டார்.

மருமகன் சொன்னதிலும் ஓர் உண்மை உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. அந்த ஒப்பந்தங்களில், நிறுவனத்தின் இசைவின்றிப் பொறுப்பை ஏற்கவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக உண்டு. ஒப்பந்தத்தைப் பேணுவது நமக்குக் கடமை. எனினும், "ஈடு தருகிறேன்" என்று நிறுவனத்தின் சார்பில் வாக்களிப்பது வேறு, "வண்டி நின்றதா?" என்று கேட்டால் "நின்றது" என்பது வேறு. முன்னதற்கு நிறுவனம் தடை விதிக்கலாம். பின்னதற்கு எவரும் தடை விதிக்க இயலாது. தமக்கும் தம் உறவினருக்கும் பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு 'அந்நிஸா' அத்தியாயம் நம்மைப் பணித்திருக்கிறது.

மாமா 5,000 ரூபாயை எடுத்து என் முன் வைத்தார். வாங்கிய ஆயிரமும் கொடுக்க வேண்டிய நாலாயிரமும். "என் பெயரைச் சொல்லாமல் நீங்களே சேர்த்துவிடுங்கள், ஹஜ்ரத்" என்றார். நான் வாங்க மறுத்தேன். "பணம் மட்டும் கடனாக இருந்தால் நான் சேர்ப்பித்துவிடுவேன். சபையில் அவர் சொன்ன உண்மையைப் பொய்யாக்கினீர்களே, அந்தக் கடனை நான் எப்படிச் சேர்ப்பிப்பேன்?" என்றேன்.

இஷாவுக்கு முன்பே எழுந்து சென்றார். சாச்சாவின் வீட்டுக்குத்தான் போனார் என்று பின்னர் அறிந்தேன். அங்கு என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.