ஓடாதுன்னு சொன்ன வண்டி

தாராபுரம் பக்கத்தில் ஒரு மாட்டுக்கொட்டகையில்தான் அந்த ஜாவாவைப் பார்த்தேன். சீட்டின் மேல் தவிட்டு மூட்டை. டேங்க் முழுக்கக் கோழி எச்சம். எச்சத்துக்கு அடியில், யாரோ பிரஷ்ஷால் பூசிய நீலப் பெயிண்ட், இழுத்த கோடுகள்கூட மறையாமல். வண்டிக்காரர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி கேட்டார்: "இது இனி ஓடுங்களா கண்ணு?"

கிக்கரைக் கையால் அமுக்கினேன். அசையவில்லை, பிஸ்டன் பிடித்திருந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் டீசல் ஊற்றி ஒரு வாரம் விட்டால் பெரும்பாலும் இளகிவிடும். அது எனக்குத் தெரியும். "ஓடாதுங்கம்மா" என்றேன். இரும்புக்கடைக்காரர் மூவாயிரத்துக்குக் கேட்டிருந்தாராம். நான் ஆறாயிரம் கொடுத்தேன். அவருக்கு சந்தோஷம். மோர் கொண்டுவந்து கொடுத்தார், குடித்தேன்.

பழைய வண்டி தேடி அலைகிறவர்கள் கூடினால் இந்த மாதிரிக் கதைகளைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். எவ்வளவு குறைவாக வாங்கினோமோ அவ்வளவு கெத்து. நானும் ஒரு வருஷம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

செக்கோஸ்லோவாக்கியா கம்பெனியின் அனுமதியோடு மைசூரில் 1961-இல் ஜாவா தயாரிக்கத் தொடங்கினார்கள். பிறகு அதே தொழிற்சாலை யெஸ்டி என்ற பெயரில் வண்டி விட்டது, 1996-இல் மூடப்பட்டது. ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். உதைக்கிற கிக்கரே மடங்கி கியர் லீவராகிவிடும். ஓடும் நிலையில் இருந்தால் இன்று லட்சம் தாண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரிந்தது, வீட்டுக்காரர் சந்தைக்குப் போன வண்டி என்பது மட்டும்.

பொ.மு. 44-இல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியத்தோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. சொல்ல வேண்டுமா? சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார் பாபிலோன் டயோஜனிஸ். அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர், சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம்.

அங்கே விற்கிறவனுக்குத் தெரியும். என் கதையில் வாங்குகிறவனுக்குத் தெரியும். கொஞ்ச நாள் டயோஜனிஸ் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். அஞ்சு வருஷம் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் பழைய இரும்புக்கடைகளில் கிரீஸ் கையோடு நின்று சேர்த்த அறிவு இது, அதை ஏன் இலவசமாகக் கொடுக்கணும்? இந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். விலை தெரிந்து வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் டயோஜனிஸ்கூட என்னைக் காப்பாற்ற மாட்டார். நான் மௌனமாக இருக்கவில்லையே, வாயைத் திறந்து பொய் சொன்னேன்.

அதைவிட மோசமான ஒன்று பிறகுதான் உறைத்தது. அந்த அம்மா விலையே கேட்கவில்லை. ஓடுமா என்றுதான் கேட்டார். ஓடும் என்றிருந்தால் ஒருவேளை விற்றிருக்கவே மாட்டார். என் பொய் அவரிடமிருந்து பணத்தை மட்டும் எடுக்கவில்லை. வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற வாய்ப்பையும் எடுத்துவிட்டது.

ஒன்பதாம் நாள் பிஸ்டன் இளகியது. ரீபோர், பாயின்ட், வயரிங், குரோம் என்று எட்டு மாசம். எழுபதாயிரம் போயிருக்கும். இவ்வளவு செலவு பண்ணியிருக்கோமே, கணக்கு சரியாப்போச்சு என்று மனசு சொல்லும். சரியாகவில்லை. செலவழித்தது என் வண்டிக்கு. டேங்க்கில் பெயிண்ட் ரிமூவர் தடவியபோது நீலம் சுருண்டு சுருண்டு வந்தது, அடியில் கம்பெனி மரூன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரிஜினல்!

போன மாசம் உறையில் முப்பதாயிரம் போட்டு, அந்த வண்டியிலேயே போனேன். தெருமுனையில் சத்தம் கேட்டே வாசலுக்கு வந்துவிட்டார். நிறுத்தி இறங்கினேன்.

"ஓடாதுன்னீங்களே கண்ணு."

சட்டைப்பையில் கை விட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. டேங்க்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவரு நீலமல்லோ அடிச்சிருந்தாரு. எம் பையன் பொறந்தப்ப."