சுருதி கூட்டுவது யார்?



கிற்றார் வகுப்பு தொடங்குமுன் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று கவனித்ததுண்டா? ஒவ்வொரு பிள்ளையின் வாத்தியத்தையும் வாங்கி, ஆணிகளை முறுக்கி, சுருதி கூட்டித் திருப்பிக் கொடுக்கிறார். அன்புச் செயல்தான். ஆனால் சரியான செயலா?

இது பெரிய வித்தையன்று. மிகத் தடித்த ஆறாம் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தி மீட்டினால், அடுத்த தந்திக்குரிய ஒலி வரும். இப்படியே ஒன்றைக்கொண்டு மற்றதைச் சரிசெய்யலாம். மூன்றாம் தந்தியை மட்டும் நான்காம் மெட்டில் அழுத்த வேண்டும். காது பழக மாதங்கள் செல்லும். அதுவரை பிள்ளை சலித்துவிடுமே என்பீர்கள். முதல் மாதத்துக்கு அந்த நியாயம் செல்லும். அதன் பின்னும் நாமே செய்து கொடுத்தால், உதவி யாருக்கு? பிள்ளைக்கா, தேடப்பட விரும்பும் நமக்கா?

நானும் இத்தவற்றைச் செய்தவன். கண்டிக்கு வந்து என்னிடம் பழகிய தோட்டத்துப் பையனுக்கு ஓராண்டு முழுவதும் நானே சுருதி கூட்டினேன். நத்தார் இரவு, மலைக்குளிரில் தந்திகள் பிசகின. தோட்டத்துக் கோவிலில் உதவ ஒருவரும் இல்லை. 1818இல் ஒஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ப் ஆலயத்தில் குருவானவர் யோசேப் மோர் கிற்றார் மீட்ட, முதன்முதல் ஒலித்ததே 'சைலண்ட் நைட்'. அப்பாட்டைத்தான் பையன் ஆயத்தம் செய்திருந்தான். சனங்கள் வெறுங்குரலில் பாடினார்கள்.

"சுவாமி இருந்திருந்தால் சரியாகியிருக்கும்" என்றான். அதைக் கேட்டு, வெட்கக்கேடு, ஒரு கணம் மகிழ்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அரைமணி நேரம் முறுக்கினான். முதல் தந்தி அறுந்தது. வேறொன்று மாட்டினான்.