அன்பும் ஆளுகையும்

அவுஸ்திரேலிய உளமருத்துவர் கோர்டன் பார்க்கர் தம் சகாக்களுடன் 1979 இல் வெளியிட்ட வினாக்கொத்து, 16 வயதுவரை பெற்றோர் நடந்துகொண்ட விதத்தை நினைவுகூருமாறு வளர்ந்தோரைக் கேட்கிறது. அதன் 25 கூற்றுக்களும் அளப்பவை இரண்டே: பரிவு, மிகைக்காப்பு. பரிவு குன்றிக் கட்டுப்பாடு மிகுந்த வளர்ப்பையே அவர் பிற்கால மனச்சோர்வோடு தொடர்புபடுத்தினார்.

நம்மிடையே இவ்விரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. மகன் பயிலவேண்டிய துறையைத் தீர்மானிப்பவர் தந்தை. அதற்காகக் காணியை ஈடுவைப்பவரும் அவரே. இது பரிவா, ஆளுகையா? அத்தியாகத்தை அறிந்தமையாலேயே மகன் தன் துயரை உரைக்கமாட்டாதவனாகிறான். உரைப்பது நன்றிகேடாகுமென அஞ்சுகிறான். நன்றிக்கடன் மெய்யே. ஆயினும் மௌனத்தால் அது தீர்வதாக எனக்குத் தோன்றவில்லை. தாம் வைத்த ஈட்டின் விளைவு மகனது உறக்கமின்மையென அறிய நேரின், முதலில் வருந்துபவர் அத்தந்தையாகவே இருத்தல்கூடும். அவ்வாறு அறியும் வாய்ப்பையே மகனின் மௌனம் அவருக்கு மறுத்துவிடுகிறது.