நாவின் சாட்சியம்

ஒரு பொருளின் பெயரை மறைத்துவிட்டு அதன் தரத்தைக் கூறுமாறு ஒருவரைக் கேட்பது, அப்பொருளைச் சோதிப்பதாகத் தோன்றினும், உண்மையில் கேட்கப்பட்டவரையே சோதிப்பதாகும். முந்திரிகை மது அன்றாட உணவின் பகுதியாகவுள்ள நாடுகளில் நண்பர்கள் கூடி நடத்தும் ஒரு விளையாட்டு இதனை மிக எளிமையாகப் புலப்படுத்துகின்றது. அறுவரோ எண்மரோ ஒரு மாலைப்பொழுதில் கூடுவர். ஒரே முந்திரிகை இனத்திலிருந்து, அல்லது ஒரே பிரதேசத்திலிருந்து வந்த வைன் போத்தல் ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவருவர். கழுத்திலுள்ள தகட்டுறையையும் தக்கையையும் நீக்கி ஒளித்துவிட்டு, போத்தல்களைக் கடதாசிப் பைகளில் இட்டுக் கட்டி, இலக்கமிடுவர். பொதி செய்தவருக்கும் எது எதுவெனத் தெரியாதிருக்க வேண்டுமாயின், இலக்கமிடும் பணியை வேறொருவர் செய்வார். பின்னர் யாவரும் பேசாது சுவைத்து, புள்ளிகளைத் தாளில் எழுதுவர். பேசாதிருத்தல் இவ்விளையாட்டின் தலையாய விதி. ஒருவர் 'ஆகா' என்றுவிட்டாற் போதும், ஏனையோரின் நாக்குகளும் அவ்வழியே செல்லத் தொடங்கிவிடும்.

ஆங்கிலத்தில் இதனைக் குருட்டுச் சுவைப்பு என்பர். பெயர் அத்துணைப் பொருத்தமானதன்று. சுவைப்பவரின் கண்கள் கட்டப்படுவதில்லை. கிண்ணத்திலுள்ள வைனின் நிறத்தையும் தெளிவையும் அவர் நன்றாகவே காண்கின்றார். மூடப்படுவது போத்தலின் முகமேயாகும். விளைந்த ஊர், விளைந்த ஆண்டு, ஆக்கியோன் பெயர், விலை ஆகிய நான்கும் அவரிடமிருந்து மறைக்கப்படுகின்றன. அதாவது, பிறரிடம் கேட்டறிந்தவை யாவும் விலக்கப்பட, அவரது நாவும் மூக்கும் மாத்திரம் சாட்சிக் கூண்டில் நிறுத்தப்படுகின்றன. மனிதன் இவ்வாறு தனித்து நிற்க நேரும் தருணங்கள் வாழ்க்கையில் மிகச் சிலவே.

பைகள் நீக்கப்படும்வரை இது விளையாட்டு. நீக்கப்பட்டதும் ஓர் அறவியற் பிரச்சினை தலைதூக்குகின்றது. தம் தந்தையார் நிலவறையில் பல்லாண்டு பேணிவைத்த போத்தலொன்றை ஒருவர் நண்பர்களுக்கெனக் கொண்டுவந்தார் எனக் கொள்க. புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும்போது அது கடைசியிடத்தைப் பெறுகின்றது. தெருக்கோடிக் கடையில் மலிவாக வாங்கப்பட்ட போத்தலொன்று முதலிடத்தில் நிற்கின்றது. அவரைத் திகைக்கவைப்பது நண்பர்கள் இட்ட புள்ளிகளன்று. தம்முடைய போத்தலைத் தாமே அடையாளங் காணாது, ஆகக் குறைந்த புள்ளியைத் தம் கையாலேயே அதற்கு எழுதியிருக்கின்றார் என்பதே அவரைத் திகைக்கவைக்கின்றது. மேசையைச் சுற்றிச் சற்று நேரம் அமைதி நிலவுகின்றது. பின்னர் ஒருவர் அதனை மீண்டும் ஒரு மிடறு அருந்திவிட்டு, இப்பொழுது அதில் ஓர் ஆழம் தெரிவதாகக் கூறுகின்றார். இன்னொருவர் தமது தாளிலுள்ள எண்ணைப் பேனையால் மெல்லத் திருத்துகின்றார். இத்திருத்தம் நேர்மையானதா என்பதே வினா.

1976ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி பாரிஸ் நகரில் நடைபெற்ற ஒரு சுவைப்பு இவ்வினாவை உலகறியச் செய்தது. அந்நகரில் வைன் கடையொன்றையும் வைன் பற்றிக் கற்பிக்கும் பள்ளியொன்றையும் நடத்திவந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேயர், தம்முடன் பணியாற்றிய பற்றீசியா கலஹர் என்னும் அமெரிக்கப் பெண்மணியுடன் சேர்ந்து அதனை ஒழுங்குசெய்தார். அந்நாட்டின் வைன் உலகில் மதிப்புப் பெற்ற ஒன்பது பிரெஞ்சுக்காரரின் புள்ளிகளே கணக்கிற் கொள்ளப்பட்டன. வெள்ளை வைன் பத்து, சிவப்பு வைன் பத்து. ஒவ்வொரு பத்திலும் ஆறு கலிபோர்ணியாவிலிருந்தும் நான்கு பிரான்சிலிருந்தும் வந்தவை. புள்ளிகள் இருபதுக்கு இடப்பட்டன. வெள்ளையில் முதலிடம் பெற்றது 1973ஆம் ஆண்டின் சாட்டோ மொன்ரெலீனா. சிவப்பில் முதலிடம் பெற்றது அதே ஆண்டின் ஸ்ராக்ஸ் லீப். இரண்டும் கலிபோர்ணியாவின் நாபாப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. வெள்ளையின் முடிவுகள், சிவப்பைச் சுவைக்கத் தொடங்குமுன்னரே அறிவிக்கப்பட்டுவிட்டன. எனவே இரண்டாம் சுற்றில் நடுவர்கள் விழிப்படைந்திருப்பர் எனக் கருதுவதில் தவறில்லை. ஆயினும் அவர்களது விழிப்பு போர்தோவைக் காப்பாற்றவில்லை. நடுவருள் ஒருவர் நாபா வைன் ஒன்றைச் சுவைத்துவிட்டு, பிரான்சுக்கு மீண்டுவந்துவிட்டதாக மகிழ்ந்தமையை அங்கிருந்த ஒரேயொரு செய்தியாளர் 'டைம்' சஞ்சிகையில் எழுதினார்.

முடிவுகள் வெளியானபின் நடுவருள் ஒருவரான ஒடெற் கான், பிரான்சின் முக்கிய வைன் சஞ்சிகையொன்றின் ஆசிரியை, தாம் புள்ளியிட்ட தாள்களைத் திருப்பித் தருமாறு கேட்டார். ஸ்பரியர் மறுத்துவிட்டார்.

அப்பெண்மணியை எள்ளி நகையாடுவது எளிது; பலர் அவ்வாறே செய்துமுள்ளனர். ஆனால் அவர் பக்கத்தில் நின்று ஒரு வாதத்தைக் கட்டியெழுப்ப முடியாதா? முடியும். பெயர் என்பது வெறும் மினுக்கமன்று. அது அறிவைச் சுமந்துவருவது. போர்தோவின் சிறந்த சிவப்பு வைன்கள் இளமையில் துவர்ப்பு மிக்கவை; பல்லாண்டு கிடந்து பதமடைந்தபின் அருந்துவதற்கென ஆக்கப்படுபவை. அத்தகைய ஒன்றை ஐந்தாறு ஆண்டுகளிற் சுவைத்து, முன்னரே கனிந்துவிட்ட வேறொன்றுடன் ஒப்பிடுவது, மாங்காயையும் மாம்பழத்தையும் ஒரே தட்டில் வைத்து இனிப்புக்குப் புள்ளியிடுவது போன்றது. பெயர் தெரிந்திருந்தால் சுவைப்பவர் இன்றைய துவர்ப்பினுள் நாளைய பதத்தைத் தேடியிருப்பார். ஆகவே பெயரை அறிந்தபின் தீர்ப்பை மாற்றுதல், புதிய சான்று கிடைத்தபின் தீர்ப்பை மாற்றுதலைப் போன்றதே எனலாம்.

இவ்வாதம் வலுவானது; 1976இன் முடிவை ஏற்காதோர் பலர் இதனையே எடுத்துரைத்தனர். இதன் சிறப்பு யாதெனின், இதனைக் காலத்தைக் கொண்டு பரிசோதிக்கலாம் என்பதாகும். 2006ஆம் ஆண்டு, முப்பதாண்டு நிறைவில், அதே சிவப்பு வைன்கள் இலண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில் மீண்டும் பெயர் மறைத்துச் சுவைக்கப்பட்டன. முதலைந்து இடங்களும் கலிபோர்ணியாவுக்கே சென்றன. ஆனால் வரிசை மாறியிருந்தது: 1976இல் முதலிடம் பெற்ற ஸ்ராக்ஸ் லீப் இரண்டாவதாக வர, முன்னர் ஐந்தாமிடத்தில் நின்ற ரிட்ஜ் மொன்ரே பெல்லோ முதலிடத்தைப் பெற்றது. காலம் சுவையை மாற்றும் என்ற கூற்று மெய்யாயிற்று. அம்மாற்றம் போர்தோவுக்குச் சாதகமாயமையும் என்ற எதிர்பார்ப்பே பொய்யாயிற்று.

இங்கு இரு செயல்களை வேறுபடுத்திக் காணல் வேண்டும். 'இந்த வைன் இன்னும் பதமடையவில்லை. பொறுத்திருந்து பார்ப்போம்' என்பவர் தம் தீர்ப்பை மேசைமீது விட்டுவைத்து, அதன்மேல் ஒரு வினாவை எழுப்புகின்றார். தாளைத் திருப்பிக் கேட்பவரோ, தாம் அவ்வாறு தீர்ப்பளித்தார் என்ற நிகழ்ச்சியையே இல்லாமற் செய்ய விழைகின்றார். புதிய சான்றின் பேரில் தீர்ப்பை மாற்றும் நீதிபதியும் பழைய தீர்ப்பைக் கிழித்தெறிவதில்லை. நண்பர் கூட்டத்திற் பேனையால் எண்ணைத் திருத்துபவர் செய்த பிழையும் இதுவே. வைனைப் பற்றி அவர் பொய் கூறியிருக்க வேண்டியதில்லை; தம்மைப் பற்றிய ஓர் உண்மையை அழிக்கின்றார்.

இனி, எதிர்ப்புறத்தில் நிற்பவரையும் கவனித்தல் தகும். பைகள் நீங்கியதும் உரக்கச் சிரித்து, 'வைன் பற்றிய பேச்சு யாவும் பம்மாத்து. எல்லாம் ஒன்றுதான்' என்று கூறுபவர் எக்கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். ஆய்வுகள் சில அவருக்குத் துணைநிற்பதாகத் தோன்றும். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோவில் வைன் ஆக்கவியல் பயின்ற 54 மாணவர்களுக்கு, மணமற்ற சாயமூட்டிச் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை வைன் கொடுக்கப்பட்டது. சிவப்பு வைனுக்கே உரிய சொற்களால் அவர்கள் அதன் மணத்தை வருணித்தனர். 2008இல் கலிபோர்ணிய மாநிலக் கண்காட்சி வைன் போட்டியின் நடுவர்களை ஆராய்ந்த றொபேட் ஹொட்ஜ்சன், ஒரே போத்தலிலிருந்து வார்த்த வைனையே அவர்களுக்கு வெவ்வேறு இலக்கங்களில் வழங்கிப் பார்த்தார். அதே வைனுக்கு ஏறத்தாழ ஒரே தரத்தை மீண்டும் வழங்கியோர் நடுவருட் பத்திலொரு பங்கினரே. ஒடெற் கானைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதனைப் படித்திருந்தால் சற்று அடக்கமாகச் சிரித்திருப்பர்.

ஆனால் நாவு தடுமாறுகின்றது என்பதிலிருந்து, அறிவதற்கு எதுவுமே இல்லை என்ற முடிவுக்குத் தாவ இயலாது. டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட சுவையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில், செர்வாண்டிசின் டொன் கிஹோட்டேயிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கின்றார். சாஞ்சோ பன்சாவின் உறவினர் இருவர் ஒரு பீப்பாய் வைனைச் சுவைத்தனராம். நல்லதே, ஆனால் சிறிது தோலின் சுவை தெரிகிறது என்றார் ஒருவர். இரும்பின் சுவை தெரிகிறது என்றார் மற்றவர். கேட்டோர் இருவரையும் நகைத்தனர். பீப்பாய் வெறுமையானபோது அடியிற் கிடந்தது, தோல்வாரிற் கோத்த பழைய திறப்பு. ஹியூமுக்கு இக்கதை மிகவும் வசதியானது. வசதி சற்றுக் கூடிவிட்டது என்றுங் கூறலாம். ஏனெனில், பெரும்பாலான போத்தல்களின் அடியில் எந்தத் திறப்பும் கிடப்பதில்லை. தோலையும் இரும்பையும் கண்டறிவது ஒன்று. தோலும் இரும்பும் அற்ற இரு நல்ல வைன்களுள் எது சிறந்தது என்பது வேறொன்று. முன்னையதற்கு எளிய சோதனை உண்டு. மூன்று கிண்ணங்களில் இரண்டில் ஒரு வைனையும் மூன்றாவதில் வேறொன்றையும் வார்த்து, எது தனித்தது எனக் கேட்கலாம். குருட்டாம்போக்கிற் கூறுபவரும் மூன்றுக்கு ஒருமுறை சரியாகக் கூறுவார். பயின்றவர் அதனிலும் மிக அடிக்கடி சரியாகக் கூறுவார். இச்சோதனையில் தேறாதவர் ஒன்றைவிட மற்றதைப் புகழ்ந்துரைப்பதிற் பொருளில்லை. தேறியவருக்கோ புகழ்ந்துரைக்கும் உரிமை உண்டு; பிறரைக் கட்டுப்படுத்தும் உரிமை உண்டா என்பது கான்ற் 1790இல் எழுப்பிய வினா. கனேரித் தீவின் வைன் இனியது என்று கூறுபவரை, 'எனக்கு இனியது' எனத் திருத்திக் கூறுமாறு கேட்கலாம் என அவர் எழுதினார். ஆயின் 'எனக்கு' என்ற அச்சொல்லே மறைவுச் சுவைப்பில் ஆட்டங்காணுகின்றது. பெயரறியாமுன் சுவைத்த 'எனக்கு' இனித்தது, பெயரறிந்தபின் சுவைக்கும் 'எனக்கு' இனிக்கவில்லையெனில், இவ்விருவருள் எவர் 'நான்'?

பெயரை மறைப்பதே எப்பொழுதும் நீதி என்று கொள்ளுதலும் பொருந்தாது. க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் விடைத்தாளிற் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் எழுதப்படுகின்றது. அது முற்றிலும் முறையானதே. மாணவனின் ஊரும் குலமும் பாடசாலையும் புள்ளியிடுபவரின் கையை அசைக்கலாகாது. ஆனால் தந்தையின் நிலவறையிலிருந்து வந்த போத்தல் ஒரு விடைத்தாளா? அது நண்பர்களுக்குக் கொடையாக வந்தது. கொடையிலிருந்து கொடுத்தவரின் பெயரை நீக்கினால் எஞ்சுவது கொடையன்று, வெறும் பண்டம். கடதாசிப் பையினுள் அதனை இடச் சம்மதித்த கணத்தில், அந்நண்பர் தம் கொடையைத் தாமே பண்டமாக்கிக்கொண்டார். அவர் அதனை அன்று கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை. இராப்போசனத்துக்குப் பின், பெயர் சொல்லி, கதை சொல்லி, ஒவ்வொருவருக்கும் வார்த்துக் கொடுத்திருக்கலாம். அப்பொழுது அது இனித்திருக்கும் என்பதிலும் ஐயமில்லை.

அவ்வினிமை பொய்யானதா? 2008இல் கலிபோர்ணியாவில் இருபது பேரிடம் நடத்திய ஓர் ஆய்வில், ஒரே வைன் ஒருமுறை 10 டொலர் எனவும் மறுமுறை 90 டொலர் எனவும் கூறிக் கொடுக்கப்பட்டது. 90 டொலர் என்று கேட்டபோது அவர்கள் அதனை மிகுதியாக விரும்பினர்; அத்துடன், இன்பத்தோடு தொடர்புடையதெனக் கருதப்படும் மூளையின் முன்பகுதியொன்றும் கூடுதலாகத் தொழிற்பட்டது. அவர்கள் நாகரிகத்துக்காக விரும்புவதாக நடிக்கவில்லை, உண்மையாகவே இன்புற்றனர். விலை கூறாது கொடுத்தபோது அவ்வேறுபாடு மறைந்தது. ஆகவே, 'இப்பொழுது ஓர் ஆழம் தெரிகிறது' என்று கூறிய நண்பரைப் பொய்யர் என்பதற்கில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கலாம். முன்பும் தெரிந்தது என அவர் காட்டிக்கொள்ளாதவரை அவர்மீது குற்றமில்லை.

போத்தலைக் கொண்டுவந்தவர், பைகளெல்லாம் மேசைக்கடியிற் கிடக்க, தம் கிண்ணத்தில் மீண்டும் சிறிது வார்த்து அருந்துகின்றார். தந்தையாரின் கையெழுத்திலுள்ள சிறு துண்டு இன்னும் போத்தலில் ஒட்டியிருக்கின்றது. இம்முறை அது நன்றாகவே இருக்கின்றது. தாளை எடுத்து, முதலில் எழுதிய எண்ணை அழிக்காது, அதன் பக்கத்தில் இன்னோர் எண்ணை எழுதுகின்றார். எது சரியானது என்று அயலிலிருப்பவர் கேட்கின்றார். இரண்டையும் தாமே எழுதியதாக அவர் கூறுகின்றார்.