வயிற்றுப் பசியும் அறிவுப் பசியும்

குடம் உண்டாவதற்கு மண் வேண்டும், குயவனும் வேண்டும். முன்னதை உபாதான காரணம் என்றும், பின்னதை நிமித்த காரணம் என்றும் வேதாந்த நூல்கள் வகுத்துக் கூறுகின்றன. இரண்டும் ஒன்றே என்பது அத்வைதத்தின் மேலான முடிவு. இங்கு அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. அரசியல் புரட்சிகளை ஆராய்வோர் பலர் மண்ணை மட்டும் நோக்கிக் குயவனை மறந்துவிடுகின்றனர். வறுமை முற்றினால் மக்கள் கிளர்ந்தெழுவர் என்பது அவர்களது கொள்கை. அப்படியானால் புரட்சி நிகழாத நாளே உலகில் இருந்திராது. வறுமை இல்லாத காலம் எது?

கேரளத்தின் தென்கோடியில் உள்ள நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று தருகிறது. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1855-ஆம் ஆண்டிலேயே அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1865-இல் அரசு நிலங்களைப் பயிரிட்டு வந்த குத்தகையாளர்களுக்கு அந்நிலங்களின் மீது உரிமை கிடைத்தது. ஆனால் சேற்றில் இறங்கி உழைத்த புலையருக்கும் பறையருக்கும் நிலமும் இல்லை, பொதுவழியில் நடக்கும் உரிமையும் இல்லை. 1892-இல் இந்நாட்டைக் கண்டு சென்ற சுவாமி விவேகானந்தர், இங்கு நிலவிய சாதிக் கொடுமையைப் பைத்தியக்கார விடுதியோடு ஒப்பிட்டது அன்பர்கள் அறிந்ததே.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1888-இல், நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புரத்தில் ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்திருந்தார். அதனால் எவருடைய கூலியும் உயரவில்லை. ஒரு காணி நிலமும் கை மாறவில்லை. ஆயினும், இறைவனை நெருங்கத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த மக்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டுவந்த அளவுகோல் அன்று மாறியது.

கோட்டுகாலை அடுத்துள்ள வெங்கானூரில் 1863-இல் பிறந்தவர் அய்யன்காளி. 1893-இல் அவர் தடையை மீறி வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். தம் மக்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தவர்களின் வயல்களில் இனி வேலை செய்வதில்லை என்று அவர் அறிவித்தபோது நேர்ந்ததுதான் சிந்திக்கத் தக்கது. அன்றாடக் கூலியன்றி வேறு கதியற்ற உழவர்கள் வயலில் இறங்க மறுத்துப் பட்டினி கிடந்தனர். விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்கள் அவர்களைத் தங்கள் படகுகளில் சேர்த்துக்கொண்டு உதவினர் என்று கூறுவர். ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியைப் பள்ளியில் சேர்க்க முயன்றபோது எதிர்ப்பாளர்கள் அப்பள்ளிக்கே தீ வைத்தனர். வயிறே அனைத்துக்கும் மூலகாரணம் என்போர் இந்த வேலைநிறுத்தத்திற்கு என்ன விளக்கம் தருவர்? இங்கு மக்கள் சோற்றுக்காக எழுத்தை விடவில்லை. எழுத்துக்காகச் சோற்றை விட்டனர்.

அதே வட்டாரத்தில் 1878-இல் பிறந்தவர் ராமகிருஷ்ண பிள்ளை. வக்கம் மௌலவி நிறுவிய 'சுதேசாபிமானி' இதழின் ஆசிரியராக இருந்து அரசின் ஊழலை அஞ்சாது எழுதியமைக்காக, 1910 செப்டம்பர் 26-இல் அவர் நாடு கடத்தப்பட்டார். அச்சகமும் பறிமுதல் செய்யப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், வெளியூரில் வாழ்ந்தபடியே, கார்ல் மார்க்ஸின் வரலாற்றை மலையாளத்தில் எழுதினார். ஆசிரியரை எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்ட அரசால், அவர் எழுப்பிய கேள்விகளை அவ்வாறு அனுப்ப முடியவில்லை.

1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி வீழ்ந்தது. அவ்வீழ்ச்சி பலரைக் கொதிப்படையச் செய்தது உண்மையே. ஆனால் மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்ற கோரிக்கை வங்கிக் கணக்கிலிருந்து பிறந்ததன்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 31-இல் நெய்யாற்றின்கரையில் திரண்ட மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிர் துறந்தனர்.

வயதுவந்த அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல் திருவிதாங்கூரில் 1948-இல் நடைபெற்றது. அய்யன்காளி 1941-லேயே மறைந்துவிட்டார். பள்ளிக்காகப் பட்டினி கிடந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அன்று வாக்குச்சாவடிக்குப் பொதுச்சாலை வழியாகவே நடந்து சென்றனர்.