இருபத்திரண்டு நிமிடம்

ஒருத்தி தன் கணவனோடு ஒரே வீட்டில் வாழ்வதற்கு எவ்வளவு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும்? கேள்வி அபத்தமாகத் தோன்றலாம். பிரிட்டிஷ் அரசு இதற்குத் திட்டவட்டமான பதில் வைத்திருக்கிறது. அங்கே வாழும் துணையிடம் போய்ச் சேர விண்ணப்பிப்பவர் ‘ஏ1’ என்ற தொடக்கநிலைத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2010 நவம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இரண்டரை ஆண்டு கழித்து விசாவை நீட்டிக்க ‘ஏ2’ வேண்டும் என்ற படியை 2017 மே மாதத்தில் சேர்த்தார்கள். நிரந்தரமாகத் தங்குவதற்கு ‘பி1’, அதாவது இடைநிலை. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் குடிமக்களுக்கு இந்தத் தேர்வு இல்லை. ஆங்கில வழியில் பட்டம் பெற்றவர்கள் அதற்கான சான்று காட்டி விலக்குப் பெறலாம். மிஞ்சுகிறவர்கள் யார் என்று பாருங்கள்: பிளஸ் டூவோடு படிப்பு நிறுத்தப்பட்டவள், தமிழ்வழியில் படித்தவள், அண்ணனை இன்ஜினியரிங் சேர்ப்பதற்காகத் தன் கல்லூரியை விட்டுக்கொடுத்தவள். சட்டத்தின் எழுத்தில் இது இருபாலருக்கும் பொது. கல்யாணத்தை முன்னிட்டு ஊர் மாறுவது பெரும்பாலும் யார் என்பது நமக்குத் தெரியாததா?

திருநீர்மலை கல்யாணங்களுக்குப் பேர்போன ஊர். மலைமேல் ரங்கநாதர், அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள், சுற்றிலும் மண்டபங்கள். முகூர்த்த நாளில் தெருவில் நடக்க முடியாது. அந்த நெரிசலுக்குப் பின்னால் உள்ள ஒரு வீட்டு மாடியில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ஞாயிறுதோறும் ஆங்கில வகுப்பு எடுக்கிறார். ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம் தொடங்கித் தாம்பரம் வரை தொங்கும் ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சிப் பலகைகளில் இந்த வகுப்புக்கு இடமில்லை. போர்டே கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் பெண்கள். பம்மல், அனகாபுத்தூர், நாகல்கேணி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறார்கள். சிலர் செவிலியர்கள், அவர்களுடைய தேர்வு கடினமானது, ஆனால் சிக்கலில்லாதது. வேலைக்குத் தேவையான மொழியை வேலைக்காகப் படிக்கிறார்கள். நான் பேச வந்தது மற்றவர்களைப் பற்றி. தாலி கட்டிய பிறகு விமானத்தில் ஏறப் பரீட்சை எழுதக் காத்திருப்பவர்களைப் பற்றி.

அவர்களில் பலர் ஏ1-ஐ விட்டுவிட்டு நேரே பி1-க்குப் படிக்கிறார்கள். உயர்ந்த நிலையில் ஒருமுறை தேறிவிட்டால் கீழ்ப்படிகளுக்குத் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டாம் என்பது கணக்கு. ஒவ்வொரு முறையும் ஐந்து இலக்கக் கட்டணம். அது மாமனார் வீட்டுப் பணமாகவும் இருக்கும். தோற்றால் அந்தத் தொகை வீட்டுப் பேச்சில் எத்தனை முறை வரும் என்பதை அவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

இந்தத் தேர்வின் ஒரு வடிவத்தில் வாசிப்பும் எழுத்தும் கிடையாது. பேச வேண்டும், கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பி1-க்கு இருபத்திரண்டு நிமிடம். ஒரு தேர்வாளர், எதிரே முன்பின் தெரியாத இரண்டு பேர், இருவரும் தேர்வு எழுதுபவர்கள். அவர்கள் தேர்வாளரோடும் பேச வேண்டும், தங்களுக்குள்ளும் பேச வேண்டும். ஆகவே பயிற்சிக்கும் ஜோடி தேவை. வகுப்பில் ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் டீச்சர் என்னைக் கூப்பிடுவார். கல்லூரியில் தமிழ் நடத்துகிற நான் அங்கே இரண்டாவது பரீட்சார்த்தி.

இனி நான் கேட்டது.

“ஃப்ரீ டைம்ல என்ன பண்ணுவீங்க?”

“ஃப்ரீ டைம் எங்க மிஸ் இருக்கு?”

“அப்படிச் சொன்னா பேச்சு அங்கேயே நின்னுடும்மா. ஐ லைக் கார்டனிங்னு சொல்லு.”

“எங்க வீட்ல ஒரு தொட்டிகூட இல்லியே மிஸ்.”

“எக்ஸாமினர் வீட்டுக்கு வந்து பார்க்கப் போறாரா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தொட்டி என்னை விடவில்லை. தேர்வில் சொல்லும் பொய் பொய்யா? பொய் என்றால் அதை நம்பும் ஒருவர் வேண்டும், நம்பியதால் அவருக்கு ஏதாவது ஆக வேண்டும். தேர்வாளருக்கு அவளுடைய தோட்டத்தில் அக்கறை இல்லை; வினைச்சொல் சரியாக இருக்கிறதா என்பதுதான் அவர் கவலை. வள்ளுவரின் வாய்மை அதிகாரமும் உள்ளது உள்ளபடி சொல்வதை அளவுகோலாக வைக்கவில்லை. சொல்லால் தீமை விளைகிறதா என்று பார்க்கிறது. அந்தக் கணக்கில் இல்லாத தொட்டி யாருக்கும் கேடு செய்யவில்லை.

ஒருத்தியைத் தவிர என்று நினைக்கிறேன். சொல்கிறவளைத் தவிர. புதிய மொழி ஒன்றைக் கற்கும்போதே, தன் வாழ்க்கை அதில் சொல்வதற்குத் தகுதியற்றது என்பதையும் சேர்த்துக் கற்கிறாள். பாடப்புத்தகத்து ஆங்கிலத்தில் பெண்களுக்குப் பொழுதுபோக்கு உண்டு, வார இறுதி உண்டு, விடுமுறையில் போய்வந்த கடற்கரை உண்டு. இலக்கணம் பிழையில்லாமல் இருக்க வேண்டுமானால் வாழ்க்கையும் அப்படி இருக்க வேண்டும் போல. தமிழில் அவள் தன் நாளைப் பற்றிப் பேசினால் வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் பேசினால் டீச்சர் திருத்துகிறார்.

இதை டீச்சரிடம் சொன்னேன். அவள் நாளையே சொல்லச் சொல்லுங்கள், அதில் உங்களுக்கு வேண்டிய இலக்கணம் எல்லாம் கிடைக்குமே என்றேன். நேரம் இல்லை, ஏனென்றால் மாமியாருக்குச் சர்க்கரை, மூன்று வேளையும் தனிச் சமையல். முன்பு தையல் போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை. நேரம் இருந்தால் மறுபடி தைப்பேன். காரணம், பழைய வழக்கம், நிபந்தனை என்று இடைநிலைக்குக் கேட்கும் மூன்றும் அதில் இருக்கின்றன. கூட இருப்பவள் குறுக்குக் கேள்வி கேட்டாலும் பதில் தடுமாறாது. இல்லாத செடிக்கு என்ன பெயர் என்று யோசிக்க வேண்டியதில்லை.

அவர் மறுக்கவில்லை. ஒன்று கேட்டார்: “வர்ற புதன்கிழமை டெஸ்ட். அவ ஃபெயில் ஆனா இன்னும் எத்தனை மாசம் அவரைப் பிரிஞ்சு இருக்கணும்? நீங்க பொறுப்பெடுத்துக்குவீங்களா மேடம்?” மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற ஒருத்தி, இன்னொருத்தியின் செலவில் உண்மையை வலியுறுத்துவது எளிது. எனவே நான் வந்திருக்கும் இடம் அப்படியொன்றும் உயரமானதல்ல. புதன்கிழமை தேர்வு உள்ளவளுக்குத் தோட்டம். மூன்று மாதம் கையில் இருப்பவளுக்கு அவளுடைய நாள்.

இந்த நிலைகளை ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழிச் சட்டகம் வகுத்தது. ஏ1 முதல் சி2 வரை ஆறு. நாடுவிட்டு நாடு மொழி கற்பவரும் கற்பிப்பவரும் ஒரே அளவுகோலில் பேசிக்கொள்ளத்தான் அது செய்யப்பட்டது. எல்லைச் சாவடி அதைப் பிறகு எடுத்துக்கொண்டது. பி1-க்கு அது வைத்திருக்கும் விளக்கத்தை வாசித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அனுபவங்களையும் கனவுகளையும் எதிர்பார்ப்புகளையும் விவரிக்க வேண்டும். கருத்துக்கும் திட்டத்துக்கும் சுருக்கமாகவாவது காரணம் சொல்ல வேண்டும். பெண்பார்க்க வந்தவர்கள் கேட்காதது இது. சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டார்கள். உன் கருத்து என்ன, ஏன் அப்படி நினைக்கிறாய் என்று ஒரு வெளிநாட்டு அரசு, கட்டணம் வாங்கிக்கொண்டு, முதன்முதலாகக் கேட்கிறது.

தேர்வில் இருவரும் சேர்ந்து ஒன்றைத் திட்டமிடும் பகுதி உண்டு. உடன் வேலை பார்ப்பவருக்கு என்ன பரிசு வாங்கலாம், எங்கே சுற்றுலா போகலாம் என்பதுபோல. நம் பெண்கள் இதை அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஒருத்தி சொன்னதும் மற்றவள் “ஓகே, யுவர் விஷ்” என்பாள். பேச்சு முடிந்தது. ஆனால் தேர்வு நீண்ட பேச்சைக் கேட்கிறது. அதற்குக் கொஞ்சம் மாறுபட வேண்டும், பணிவாக மறுக்க வேண்டும். “ஐ டோன்ட் அக்ரீ” என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். முதல் சில தடவை அந்த வாக்கியம் வெளியே வரவே இல்லை. உச்சரிப்புக் கஷ்டமான சொல் எதுவும் அதில் இல்லை.

பிறகு வந்தது. வந்தபின் அவர்களை நிறுத்த முடியவில்லை. கடற்கரைக்குப் போகலாம் என்றால் ஐ டோன்ட் அக்ரீ. டீ குடிக்கலாம் என்றால் ஐ டோன்ட் அக்ரீ. ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “இதைத் தமிழ்ல எப்படி மேடம் சொல்றது? ‘எனக்கு இதுல உடன்பாடு இல்ல’ன்னா மீட்டிங் மாதிரி இருக்கு. ‘முடியாது’ன்னா சண்டை மாதிரி இருக்கு.” முனைவர் பட்டத்தோடு நான் உட்கார்ந்திருந்தேன். சொல் நம்மிடம் ஏராளம்: ஒப்பேன், இசையேன், உடன்படேன். மறுப்பை வினைக்குள்ளேயே வைத்துக் கட்டிய மொழி இது. ஆனால் மருமகள் மாமியாரிடம் சாதாரணக் குரலில், கோபமில்லாமல், அழாமல் சொல்லக்கூடிய ஒரு மறுப்பு வாக்கியம் எங்கள் தெருவில் புழக்கத்தில் இல்லை. ஆங்கிலம் விடுதலை தந்தது என்று இதைப் படிக்கிறவர்களோடு நான் உடன்படேன். அந்த மொழியிலும் இந்த வாக்கியத்துக்காகப் பெண்கள் எவ்வளவோ காலம் போராட வேண்டியிருந்தது. மாடியில் அவர்களுக்குக் கிடைத்தது, மறுத்தால் மதிப்பெண் உண்டு என்று சொன்ன ஓர் இடம். அத்தகைய இடத்தில் தமிழும் பேசும்.

சரி, அப்படியானால் அந்தத் தேர்வு நல்லதுதானே? பிரிட்டிஷ் அரசும் இதைத்தான் சொல்கிறது. 2016 ஜனவரியில் பிரதமர் டேவிட் கேமரூன், ஆங்கிலம் சரியாகத் தெரியாத 1,90,000 முஸ்லிம் பெண்கள் நாட்டில் இருக்கிறார்கள் என்றும், அவர்கள் தனிமையிலிருந்து வெளியே வர 2 கோடி பவுண்டு செலவில் வகுப்புகள் நடத்தப்படும் என்றும் அறிவித்தார். துணை விசாவில் வந்து இரண்டரை ஆண்டில் முன்னேற்றம் காட்டாதவர்கள் தொடர்ந்து தங்குவதற்கு உத்தரவாதமில்லை என்பதையும் அதோடு சேர்த்துச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவருடைய அரசுதான் வயதுவந்தோர் ஆங்கில வகுப்புகளுக்கான நிதியை வெட்டியிருந்தது. ‘உன் நல்லதுக்குத்தான்’ என்பது நாம் அப்பாவிடமும் அண்ணனிடமும் கேட்டுப் பழகிய வாக்கியம். பிரதமர் சொன்னால் மட்டும் வேறாகிவிடுமா?

ஆனாலும் அந்த வாக்கியத்தில் பாதி உண்மை என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. லண்டனில் டாக்டரிடம் தன் வலியைக் கணவன் வாய்வழியாகச் சொல்கிறவளுக்கு, அடி விழும் இரவில் 999-ஐ அழைத்து முகவரி சொல்லத் தெரியாதவளுக்கு, மொழி உயிர்ப் பிரச்சினை. மொழி வேண்டும். வேண்டிய மொழியை வகுப்பாகத் தரலாம், வாசலில் பூட்டாகவும் தொங்கவிடலாம். பூட்டு சாவியை யாரிடம் கொடுக்கிறது? கட்டணம் கட்டுபவனிடம், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுபவனிடம். பெண்ணின் சார்பைக் குறைக்க வந்த விதி, அவள் தேறும்வரை அந்தச் சார்பை நீட்டிக்கிறது. வாசலின் மறுபக்கத்திலும் பெண்கள் நின்றிருக்கிறார்கள். பாகிஸ்தானிலும் ஏமனிலும் இருந்த தங்கள் கணவர்கள் வர முடியவில்லை என்று பிரிட்டனில் வாழ்ந்த இரண்டு பெண்கள் இந்த விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். 2015 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதியைச் செல்லாது என்று சொல்லவில்லை. ஆனால் படிக்கவோ தேர்வு எழுதவோ வழியே இல்லாதவர்கள்மீது அதைத் திணிக்கும் விதம் குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறக்கூடும் என்றது.

மொழியைக் காட்டி ஆளைத் தடுப்பது பழைய உத்தி. 1897இல் நேட்டால் அரசு, குடியேற வருபவர் ஏதாவதொரு ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டது. ‘இந்தியர்’ என்ற சொல்லே சட்டத்தில் இல்லை, தேவையும் இல்லை. தமிழில் பிழையற எழுதத் தெரிந்தவர் டர்பன் துறைமுகத்தில் எழுதத் தெரியாதவர் ஆனார். இந்த உபாயம் காலனியச் செயலர் ஜோசப் சேம்பர்லெயினுக்குப் பிடித்துப்போனது. ஆஸ்திரேலியா 1901இல் ஐம்பது சொல் டிக்டேஷனாக அதை மாற்றி 1958 வரை வைத்திருந்தது. 1934இல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளரை உள்ளே விடக் கூடாது என்று முடிவு செய்து, பல மொழி தெரிந்த அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள்.

ஆனால் அந்த நேட்டால் சட்டம்கூட ஒன்றைச் செய்யவில்லை. கணவன் உள்ளே வரத் தகுதி பெற்றால் மனைவிக்குத் தேர்வு இல்லை. இது கருணையால் அல்ல. மனைவி கணவனின் ஒரு பகுதி என்ற எண்ணத்தால். அந்த எண்ணத்துக்கும் விலை இருந்தது. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தின் நீதிபதி சியர்ல், கிறித்தவ முறைப்படியோ பதிவுசெய்தோ நடக்காத திருமணத்தைச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பளித்தார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பெண்களின் மனைவி என்ற நிலை கேள்விக்குள்ளானது. அவர்கள் வீதிக்கு வந்தார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து எல்லையைக் கடந்து நேட்டாலுக்குப் போன தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். சிறைக் காய்ச்சலோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. நீ மனைவியா என்று அன்று கேட்டார்கள். இன்று அதை ஒத்துக்கொண்டுவிட்டு, இருக்கட்டும், உன் வினைச்சொற்கள் எப்படி என்கிறார்கள்.

இப்படியொரு தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பது அதற்கு உடந்தையாவது ஆகாதா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். ஆகும், ஓரளவு. பயிற்சி கொடுக்காமல் விலகி நின்றால் விதி மாறிவிடாது. மாடிப்படி ஏறி வருகிறவள் மட்டும் திரும்பிப் போவாள். அந்தக் கணக்கை டீச்சர் எப்போதோ போட்டு முடித்துவிட்டார். என்னால் முடிந்த மாற்றம் ஒன்றுதான்: நான் ஜோடியாக உட்காரும் நாட்களில், எந்தத் தலைப்பானாலும் முதலில் தமிழில் பேசச் சொல்கிறேன். கருத்து இருந்தால்தானே மொழிமாற்றம் செய்ய முடியும்.

போன மாதம் வந்த தலைப்பு ‘நீங்கள் எடுத்த ஒரு முக்கிய முடிவு’. மாதிரி விடையில் ஒருவர் கார் வாங்க முடிவு செய்திருந்தார். ஐந்து பெண்களும் யோசித்தார்கள். படிப்பு? அப்பா முடிவு. வேலையை விட்டது? கல்யாணத்தால். கல்யாணம்? “சரின்னு சொன்னேன் மேடம், அது முடிவு எடுத்ததுல சேருமா?” என்றாள் ஒருத்தி. சேரும் என்றாள் இன்னொருத்தி. சேராது, கேட்டதே கடைசியில்தான் என்றாள் மூன்றாமவள். நாற்பது நிமிடம் ஓடியது, முழுக்கத் தமிழில். யாரும் ஓகே, யுவர் விஷ் என்று சொல்லவில்லை. அன்றைக்கு ஆங்கிலப் பயிற்சி நடக்கவே இல்லை. டீச்சருக்கு என்மேல் கோபம்.